படத்தில் இல்லாத நாச்சியார்

1874 ஜனவரி 12

இன்று முதல் எனக்கு இரண்டு உத்தியோகம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுப்பது ஒன்று. சீமையிலிருந்து வந்திருக்கும் ஹார்ட்வெல் துரைசாணிக்கு வாயாக இருப்பது இன்னொன்று. துரைசாணிக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. "நம்ம ரெபெக்காள் இங்கிலீஷ் நன்றாகப் பேசுவாள், கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பாதிரியார் சொல்லிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

துரைசாணிக்கு இடிந்த கட்டடங்களைப் படம் எழுதுவதுதான் வேலையாம். இதற்காகவே கப்பலேறி வந்திருக்கிறார். எங்கள் ஊரில் இடிந்த சுவருக்கா பஞ்சம்? ஐப்பசி மழைக்கு என் வீட்டுப் பின்சுவர் விழுந்து இன்னும் அப்படியே கிடக்கிறது. அதைப் பார்க்க யாரும் கப்பலேறி வரவில்லை.

1874 ஜனவரி 13

ஆவரங்கோட்டை அரண்மனைக்குப் போனோம். ஆற்றில் வண்டியை இறக்கி ஏற்றுவதற்குள் என் சேலை முழங்கால்வரை நனைந்துவிட்டது. துரைசாணி குடையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக வந்தார்.

முன்கோபுரம் பாதி நிற்கிறது, பாதி கிடக்கிறது. தர்பார் மண்டபத்துக்குக் கூரை இல்லை. தூண்களின் இடுக்கில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. பின்கட்டு மட்டும் முழுசாக இருக்கிறது. கடைசி ஜமீன்தாரின் விதவை அங்கேதான் இருக்கிறார். ஊரில் எல்லாரும் நாச்சியார் என்றுதான் சொல்கிறார்கள். கூட நான்கு வேலைக்காரப் பெண்கள், சில ஆடுகள். பிள்ளை இல்லாததால் ஜமீன் சர்க்காருக்குப் போய்விட்டது. நாச்சியார் குடியிருக்கும்வரை அரண்மனை மட்டும் அவருடையது. குடியில்லை என்று ஆனால் அதுவும் சர்க்காருக்கே. இதை எனக்குச் சொன்னது வண்டிக்காரர். ஊருக்கே தெரிந்த சங்கதிதான்.

நாச்சியார் கோஷா. சிறு பெண்ணாக மூடுபல்லக்கில் இந்த வாசலுக்குள் வந்தவர், பிறகு வெளியே வரவில்லை. அன்றிலிருந்து புருஷனைத் தவிர வேறு ஆண் அவர் முகத்தைப் பார்த்தது கிடையாது. அவரும் வேறு ஆண்முகம் பார்த்ததில்லை. நாங்கள் பெண்கள் என்பதால் உள்ளே விட்டார்கள். நான் ஒரு கிழவியை எதிர்பார்த்துப் போனேன். நாற்பது வயதுதான் இருக்கும். வெள்ளைச்சேலை, கூர்மையான மூக்கு, அதைவிடக் கூர்மையான வாய்.

துரைசாணிக்கு வெள்ளிக் கிண்ணத்தில் மோர் வந்தது. எனக்குத் தேங்காய்ச் சிரட்டையில் வந்தது. நடைப்படிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குடித்தேன். மோர் நன்றாகவே இருந்தது.

1874 ஜனவரி 14

படம் எழுத நாச்சியார் சம்மதித்துவிட்டார். ஆனால் நிபந்தனை போட்டார்.

"எழுதட்டும், நான் வேண்டாங்கல. ஆனா படத்துல ஆள் இருக்கப்படாது. அதச் சொல்லு."

சொன்னேன். மனிதர்களை வரையத் தனக்கு வராது, அதனால் கவலை வேண்டாம் என்றார் துரைசாணி.

"ஆளு மட்டுமில்ல வாத்திச்சி. கொடியில சேலை கெடக்கப்படாது. அடுப்புப் புகை தெரியப்படாது. வாசல்ல கோலம் இருக்கப்படாது."

"சேலையைப் பார்த்தா என்ன நாச்சியார்?" என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டது.

"ஏம் பிள்ள, வெள்ளைச்சேலை கெடந்தா உள்ள ஒரு அறுதலி இருக்கான்னு தெரியாதா? சேலையப் பாத்தவன் பாதி ஆளப் பாத்த மாதிரிதான். சீமையில எத்தன ஆம்பள இந்தப் படத்தப் பாப்பான்!"

"சீமைக்காரனுக்கு நாச்சியாரை யாருன்னு தெரியவா போகுது?"

"அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்லா?"

 வாய்க்கு வாய் கொடுக்கிற ஆளை ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றுதான் பார்த்தேன்.

1874 ஜனவரி 16

அரண்மனையில் ஒரே அமளி. குடியிருக்கிற வீட்டைக் குடியில்லாத வீடாக மாற்றுவது லேசான காரியமில்லை. விடியுமுன்பே சமைத்து அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். துணியெல்லாம் உள்ளே ஈரமாக நாறுகிறது. ஆடுகளைப் பழைய ஆயுத அறையில் பூட்டியாயிற்று. வாள் வைத்திருந்த இடத்தில் ஆட்டுப்புழுக்கை.

பொன்னுத்தாய் என்றொருத்தி இருக்கிறாள். சந்தைக்கும் ஆற்றுக்கும் போய் வருபவள் அவள்தான். வாசலைப் பெருக்கி முடித்துவிட்டு, கூடையில் சருகு பொறுக்கிவந்து அதே வாசலில் தூவினாள். "காலமெல்லாம் பெருக்குத கை வாத்திச்சி இது. இப்பம் குப்பை போடச் சொல்லுதாவ. கை கூசுது" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

துரைசாணி எழுதிக்கொண்டிருக்கும்போது ஆயுத அறைக்குள்ளிருந்து ஆடு கத்தியது. அது என்ன சத்தம் என்று கேட்டார். ஆடு என்றேன். பொய் சொல்லச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லை.

1874 ஜனவரி 17

இன்றும் அங்கே எல்லாருக்கும் பழையசோறு.

1874 ஜனவரி 21

படம் முடிந்தது. "என்ன ஒரு வெறுமை! மனித வாடையே இல்லை!" என்று துரைசாணி பூரித்துப்போனார். "நன்றாக வந்திருக்கிறதாம்" என்று நாச்சியாரிடம் சொன்னேன். நாச்சியாரும் பார்த்தார். பின்கட்டுச் சன்னல்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆரும் இல்ல" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

வண்டியில் வரும்போது துரைசாணி தொழில் ரகசியம் சொன்னார். இந்தப் பென்சில் படம் லண்டனுக்குப் போகுமாம். அங்கே ஒரு செதுக்குக்காரர் அதைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்குவாராம். அந்தக் கட்டையில் மை தடவிப் பத்திரிகையில் ஆயிரக்கணக்கில் அச்சடிப்பார்களாம். அந்தச் செதுக்குக்காரர் ஆவரங்கோட்டையைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். இல்லை, ஆனால் இந்தியா தேசத்து அரண்மனைகள் எத்தனையோ செதுக்கியிருக்கிறார் என்றார். அவற்றில் எதையாவது பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். அதற்குத் துரைசாணி குடையைச் சரிசெய்துகொண்டார்.

1874 ஜனவரி 26

துரைசாணி புறப்பட்டுப் போனார். நல்ல மனுஷி. எனக்கு ஒரு பென்சிலும் இந்த நாட்குறிப்புப் புத்தகத்துக்கு ஒரு தோல் உறையும் கொடுத்தார். ஒரு வேலை குறைந்தது, நிம்மதி.

1874 பிப்ரவரி 7

சனிக்கிழமை. ஆவரங்கோட்டைக்குப் போனேன். துரைசாணி படம் அனுப்பினாரா என்று நாச்சியார் கேட்டுவரச் சொல்லியிருந்தார்; இன்னும் வரவில்லை என்று சொல்லவேண்டுமே. கப்பலே இன்னும் பாதிவழியில்தான் இருக்கும். இருந்தாலும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுவது நல்லது.

1874 மார்ச் 14

வழியில்தானே என்று ஆவரங்கோட்டைக்குப் போனேன். (மாவு வாங்கச் சந்தைக்குப் போனேன். சந்தை வடக்கே, ஆவரங்கோட்டை தெற்கே.) நாச்சியாரோடு பல்லாங்குழி ஆடித் தோற்றேன். சோழியை எடுத்துக்கொண்டே எண்ணிவிடுகிறார், ராட்சசி.

1874 ஜூன் 20

இன்று மோர் வெண்கலச் செம்பில் வந்தது. சிரட்டை எங்கே என்று பொன்னுத்தாயிடம் கேட்டேன். சிரட்டையெல்லாம் உடைஞ்சுபோச்சு என்றாள். சுற்றிலும் தென்னந்தோப்பை வைத்துக்கொண்டு சொல்கிறாள்.

நடைப்படி வெயிலாக இருக்கிறது, உள்ளே வந்து உட்கார் என்று நாச்சியார் சொன்னார். வெயில் ஜனவரியிலும் இருந்தது.

1874 நவம்பர் 11

ஆற்றில் பெருவெள்ளம். சந்தைக்குப் போன பரிசல் கவிழ்ந்து பன்னிரண்டு பேர் போய்விட்டார்கள். அதில் இரண்டு பேர் என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார். இன்று கோயிலில் ஒரே அழுகை. ஆற்றுக்கு ஒரு பாலம் வரவேண்டும் என்று எல்லாரும் ஜெபித்தோம். நான் மற்ற ஜெபங்களில் தூங்கிவிடுவதுண்டு. இதை மனசார ஜெபித்தேன்.

1874 டிசம்பர் 19

படம் வந்துவிட்டது! துரைசாணி பத்திரிகையின் அந்தப் பக்கத்தை அட்டைக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார். நான் ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோனேன். ஐந்து பெண்களும் நானும் சேர்ந்து பாயில் விரித்துப் பார்த்தோம்.

கோடு கோடாக என்ன நுணுக்கம்! தூணின் கொடிவேலைகூடத் தெரிகிறது. ஆனால் செதுக்குக்காரர் தன் கையிருப்பையும் தாராளமாகச் சேர்த்திருக்கிறார். கோபுரத்துக்குப் பின்னால் பள்ளிவாசல் ஸ்தூபி இரண்டு. மண்டபத்தில் ஒரு ஒட்டகம் படுத்திருக்கிறது. அரண்மனைக் குளத்துப் படியில் வாயைப் பிளந்தபடி ஒரு முதலை.

"ஏட்டி பொன்னுத்தாயி, நீ தெனமும் அந்தப் படியிலதான துணி தொவைக்க?" என்றார் நாச்சியார். "முதலையக் கேட்டுக்கிட்டா தொவைக்க?"

"அது நாங் கெடந்து கத்துத சத்தத்துல ஓடிப்போயிருக்கும் நாச்சியா!"

"அந்த ஒட்டகத்துக்கு ஆரு தீனி வைக்கா? நம்ம வீட்டுல இருக்குதவளுக்கே காணல."

வயிறு வலிக்கச் சிரித்தோம். இவ்வளவு சிரித்து எத்தனை வருஷமாயிற்றோ என்று சமையல்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாச்சியார் கடைசியில் சன்னல்களைத் தொட்டுப் பார்த்தார். எல்லாச் சன்னலிலும் கறுப்பு மைதான். "நம்ம வீடு மாதிரி இல்ல. ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "ஆவரங்கோட்டை அரண்மனை, தென்னிந்தியா" என்று வாசித்தேன். அதற்கும் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. எழுத்து பொடியாக இருந்ததால் வாசிக்கவில்லை.

துரைசாணியின் கடிதத்தில் "படத்தின் கீழுள்ள வாசகம் பத்திரிகைக்காரர் சேர்த்தது, நான் எழுதியதல்ல" என்று இருக்கிறது. அதையும் வாசித்துக் காட்டவில்லை. எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும்.

1875 பிப்ரவரி 6

இன்று கண்டதை எழுத மனசு வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் போனபோது முன்கோபுரத்துக் கல்லிலெல்லாம் சுண்ணாம்பால் வரிசையாகக் குறி போட்டிருந்தது. மராமத்து ஓவர்சியர் வைகுண்டம் பிள்ளை நின்றுகொண்டிருந்தார். ஆற்றுக்குப் பாலம் கட்ட உத்தரவாகிவிட்டதாம். கல் இங்கிருந்து எடுக்கப்போகிறார்களாம். முதலில் கோபுரம், பிறகு மண்டபம், பிறகு பின்கட்டு.

நாச்சியார் திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். ஓவர்சியர் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்துப் பதில் சொன்னார். மோசமான மனிதர் இல்லை. அந்தப் பரிசலில் அவருடைய தம்பியும் போய்விட்டாராம்.

"எங்க பெரிய துரை அவிய கிளப்புல, சீமைப் பத்திரிகையில இந்த அரண்மனைப் படத்தப் பாத்திருக்காவ நாச்சியார். கொத்திச் செதுக்குன கல்லு, ஆளில்லாத எடம், ஆத்துக்கும் பக்கம். அப்பவே உத்தரவு போட்டுட்டாவ."

"ஆளில்லைன்னு ஆரு சொன்னது?"

ஓவர்சியர் பையிலிருந்து அதே பக்கத்தை எடுத்து, கீழே இருந்த அந்த இரண்டு வரியை இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னார். "மனித நடமாட்டம் அற்றுப்போன இவ்விடத்தில் இன்று ஆந்தையும் சர்ப்பமுமே வாசம் செய்கின்றன."

வாசித்துவிட்டுப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் வெளியே போனபிறகு நாச்சியார் என்னைக் கேட்டார்.

"இது நம்மகிட்ட வந்த படத்துலயும் இருந்துச்சா?"

"இருந்தது."

"எம் மனசு நோவும்னு வாசிக்காம விட்டுட்ட. அப்பிடித்தான?"

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். கண் எரிந்தது. அடுப்புப் புகையாக இருக்கும்.

"சரி விடு. எழுதுனவன் என்ன பண்ணுவான்? சருகு தூவச் சொன்னவ நாந்தான" என்றார்.

1875 பிப்ரவரி 8

ஓவர்சியரைப் பார்க்க மராமத்து ஆபீசுக்கே போனேன். "நாச்சியார் இருக்குதது எனக்குத் தெரியாதாம்மா? ஊருக்கே தெரியும்" என்றார். "ஆனா திரைக்குப் பின்னால வந்த குரல வச்சு நான் எழுத முடியாது. அது வேலைக்காரி குரலாவும் இருக்கலாம்னு மேல கேப்பாவ. குடியிருக்காவன்னு எழுதணும்னா அதிகாரி நேர்ல பாக்கணும். இல்லன்னா வீட்டு ஆம்பள ஒருத்தர் வந்து இன்னார்தான்னு சாட்சி சொல்லணும். பொம்பள சாட்சி மேல எடுபடாது."

நாச்சியாரின் அண்ணன் வெளியூரில் இருக்கிறார்; ஆனால் பிறந்த வீட்டு ஆள் சாட்சி செல்லாதாம். அந்த வீட்டில் ஆண் என்று சொல்ல இருப்பது ஒரு கிடா மட்டும்தான்.

1875 பிப்ரவரி 9

நாச்சியார் சொல்லச் சொல்ல மனு எழுதி அனுப்பினேன். துரைசாணிக்கும் கடிதம் போட்டேன். அது போய்ப் பதில் வருவதற்குள் பாலமே கட்டி முடித்துவிடுவார்கள்.

1875 பிப்ரவரி 24

மனு திரும்பி வந்துவிட்டது. மனுதாரர் அவ்விடத்தில் குடியிருப்பதற்கு நேரில் கண்ட சாட்சி இல்லையாம். கூடவே அந்தப் படத்தின் பிரதி ஒன்றையும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். முதலையோடு.

1875 பிப்ரவரி 27

நாச்சியாரோடு சண்டை.

நான் சொன்னது இதுதான்: ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு அதிகாரி முன்னால் வந்து நின்றால் போதும்.

"வாய அளந்து பேசு வாத்திச்சி. மானத்த வித்துட்டு வீட்ட வச்சு என்ன செய்ய?"

"வீடு போன பிறகு மானத்தை எங்கே வச்சுக் காப்பாத்துவீங்க? உங்க அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டில்லயா?"

சொல்லியிருக்கக் கூடாது. அண்ணன் வீட்டில் விதவைத் தங்கைக்கு என்ன இடம் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாததா? நாச்சியார் எழுந்து உள்ளே போய்விட்டார். வாசல்வரை வந்த பொன்னுத்தாய் அழுதாள். "அவியளுக்காவது அண்ணன் வீடு இருக்கு. எங்க நாலு பேருக்கும் இத விட்டா ஆத்தங்கரைதான்" என்றாள்.

இனி அங்கே போவதில்லை. எனக்கென்ன வந்தது? நான் அந்த வீட்டுக்காரியா?

1875 மார்ச் 6

போனேன். நாச்சியார் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் பல்லாங்குழிப் பலகையை எடுத்து நடுவில் வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் ஆடி ஒரு வார்த்தை பேசாமல் தோற்றேன். திரும்பிவரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். இந்த வீடு போய்விட்டால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. இதை எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப்போவதில்லை.

1875 மார்ச் 9

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

கல்தச்சர்களும் வண்டிகளும் விடியும்போதே வந்துவிட்டதாகப் பொன்னுத்தாய் ஓடிவந்து சொன்னாள். நான் பள்ளிக்கூடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது கோபுரத்தின் மேல்வரிசையில் ஏழெட்டுக் கல் இறங்கியிருந்தது. வண்டிமாடெல்லாம் வாசலில் சாணி போட்டுக்கொண்டு நின்றன. ஓவர்சியரோடு ஒரு வெள்ளைக்கார இன்ஜினீரும் வந்திருந்தார். மீசைகூட ஒழுங்காக முளைக்காத பையன். இங்கிலீஷ் பேசும் பெண்ணைக் கண்டதும் அவருக்கு ஆச்சரியம்.

உள்ளே நாச்சியார் இருக்கிறார் என்று சொன்னேன். படத்தைக் காட்டினார். படத்தில் இருக்கும் ஒட்டகம் எங்கே என்று கேட்டேன். முதலையைக் காட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் முகம் சிவந்துபோனது. "அம்மா, உங்களை நான் நம்புகிறேன். ஆனால் கண்ணால் பார்க்காத ஒருவரை இருக்கிறார் என்று எப்படிக் கையெழுத்துப் போட்டு எழுதுவேன்? நேரில் பார்த்தேன் என்று ஒரு வரி எழுத முடிந்தால் இந்த வண்டிகளை இப்போதே திருப்பி அனுப்பிவிடுவேன். கல்லுக்கு மலை இருக்கிறது" என்றார்.

இதை அப்படியே திரையோரம் போய்ச் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.  நான் திரும்பி இரண்டு எட்டு வைத்திருப்பேன். திரையின் வளையங்கள் சரசரவென்று ஓடின.

நாச்சியார் வெளியே வந்தார். வெள்ளைச்சேலை, முக்காடு இல்லை. நேராக வாசல்முற்றத்துக்கு நடந்து, வெயிலில் வந்து நின்றார்.

"நாச்சியா வாராவ!" என்று யாரோ ஒரு கல்தச்சர் கத்தினார். உளியும் சுத்தியலும் கீழே விழும் சத்தம் கேட்டது. அவ்வளவு பேரும் ஒரே மூச்சில் முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார்கள். சாரத்தில் நின்றவர்கள் சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டார்கள். வண்டிக்காரர்கள் மாட்டுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். ஓவர்சியர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு திரும்பிவிட்டார். இவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று இன்ஜினீர் என்னைக் கேட்டார். மரியாதை, வேறொன்றுமில்லை என்றேன். பாவம், அவரும் நல்ல வீட்டுப் பிள்ளைபோலிருக்கிறது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவரும் திரும்பி நின்றுவிட்டார்.

முற்றத்தில் நாச்சியார் மட்டும். சுற்றிலும் முதுகுகள்.

"வாத்திச்சி" என்று கூப்பிட்டார். "பாக்குதாவளா?"

அப்போதுதான் கவனித்தேன். நாச்சியார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

"இல்ல நாச்சியார். எல்லாரும் திரும்பி நிக்காங்க" என்றேன்.

அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"ஏலே! திரும்புங்கலே!"

ஒருவரும் அசையவில்லை.

"என் உப்பத் தின்ன அப்பனுக்குப் பொறந்தவன் இங்க எத்தன பேரு இருக்கிய? உங்க மரியாதையக் கொண்டுபோயி ஆத்துல போடுங்க! நான் இல்லன்னு சீமைவரைக்கும் அச்சடிச்சுப் போட்டுட்டான். இப்பம் நீங்களும் பாக்காமப் போனா நான் செத்தவதான். பாருங்கலே. நல்லாப் பாருங்க. நாளைக்கு எவனும் கேட்டா, பாத்தோம், ரெண்டு கண்ணால பாத்தோம்னு சொல்லணும். ஆவரங்கோட்டையில ஆள் இருக்குன்னு சொல்லணும். திரும்புங்க!"

முதலில் திரும்பியவர் சாரத்தின் மேலே நின்ற ஒரு வயசான கல்தச்சர். திரும்பிப் பார்த்தார், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். வண்டிக்காரர்கள் மாட்டுக்குப் பின்னாலிருந்து வந்தார்கள். இன்ஜினீரின் தோளை நானே தொட்டு, "அவர் கூப்பிடுகிறார், பாருங்கள்" என்றேன். பார்த்தார். பார்த்ததும் தலை தாழ்த்தினார். பிறகு நோட்டைப் பிரித்து நின்றவாக்கிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டிகளைத் திருப்பச் சொன்னார்.

கடைசிவரை திரும்பாமல் நின்றவர் ஓவர்சியர்தான். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மெதுவாகத் துண்டை இறக்கிவிட்டுத் திரும்பினார். "பாத்துட்டேன் தாயி. பாத்துட்டேன்" என்றார்.

நான் எங்கே நின்றேன், என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வெயிலில் நின்ற அந்த முகம்தான். வெளிச்சம் பட்டுப் பழகாத முகம், வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை பேர் பார்த்தும் அவர் ஒருவரையும் பார்க்கவில்லை.

"எல்லாரும் பாத்துட்டாவளா?"

"பாத்துட்டாங்க நாச்சியார்."

"ஒருத்தர் விடாம?"

"ஒருத்தர் விடாம."

அப்போதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் என் குரல் வந்த பக்கம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். கை ஜில்லென்று இருந்தது. இங்கே ஒரு படி, இங்கே இன்னொரு படி என்று சொல்லிச் சொல்லி உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.